கரடிக்கு உயிர் பத்தலை

ஜூலை 19, சனி

நூல் மில்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஜூன் வரை வெள்ளையாகவே கிடக்கிறது. ஆறு மாதம் எழுதாமல் விட்டதற்கு வருத்தப்பட இன்று எனக்கு நேரமில்லை, ஏனென்றால் கிடைத்துவிட்டது! ஆறு விலங்குகள்! டென்மார்க்!

நிதானமாக எழுதுகிறேன். என் பெயர் மோகனப்பிரியா. ஊர் திருப்பூர். ஒரு பனியன் கம்பெனியின் டிசைன் ரூமில் ஐந்து வருடம் குப்பை கொட்டினேன். யாரோ வரைந்த முயலை வாங்கி, காதை அரை அங்குலம் நீட்டி, வாலை மறுபக்கம் திருப்பி, 'புது டிசைன்' என்று கொடுப்பதுதான் வேலை. நான்கு மாதத்துக்கு முன் அதை விட்டுவிட்டு வீட்டிலேயே கம்ப்யூட்டரில் சொந்தமாக வரைய ஆரம்பித்தேன். இதுவரை வந்ததெல்லாம் சில்லறை வேலை. இன்றுதான் ரெஜினா மேடம் கூப்பிட்டார். ஏற்றுமதிக் கம்பெனிக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் இடி வாங்குகிறவர் அவர்.

"ஒரு வயசுலேந்து நாலு வயசு வரைக்கும் குழந்தைச் சட்டைம்மா. நெஞ்சுல ஒரு படம். யானை, முயல், நரி, வாத்து, முள்ளம்பன்றி, கரடி. ஆகஸ்ட் பன்னெண்டுக்குள்ள ஆறும் ஓகே ஆகணும். ஒண்ணு நின்னாலும் ஆறும் போச்சு, அவங்க வேற ஆளப் பாத்துக்குவாங்க."

சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "இது மட்டும் ஓகே ஆகலைன்னா ஆவணி பொறந்ததும் பழைய ஆபீசுக்கே போயிடறேம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பழைய மேனேஜர் என் நாற்காலியை ஆவணி வரை காலியாகவே வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா உடனே போய் நாள்காட்டியில் ஆவணி முதல் திங்கட்கிழமையைப் பேனாவால் சுழித்துவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

யானை முடிந்தது. முயல் முடிந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், ஆனால் இந்த யானை நிஜமாகவே பொன் குஞ்சு.

என் அம்மா இருபத்திரண்டு வருடம் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, கறை, கோணல் தையல் எங்கே இருந்தாலும் அங்கே ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது. ஓய்வுபெறும்போது ஒரு பை நிறைய ஸ்டிக்கர் கொண்டுவந்துவிட்டார். இன்று நான் காபி குடிக்க எழுந்து போய்விட்டுத் திரும்பினால் கம்ப்யூட்டர் திரையில் மூன்று சிவப்பு அம்புகள். முயலின் காதில் ஒன்று, காலில் ஒன்று, மூக்கில் ஒன்று.

"ஏன் அம்மிணி, ஒரு காலு குட்டையா இருக்குது பாரு. பாஸ் பண்ண முடியாது."

"அது ஓடற முயலும்மா. அப்படித்தான் தெரியும்."

"டென்மார்க்குல ஓடுனா என்ன, இங்க ஓடுனா என்ன? காலு காலுதான்."

காலைத் திருத்தினேன். நன்றாகத்தான் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஐந்து விலங்கு தயார். ஒவ்வொன்றுக்கும் ஆறு நிறம்தான் அனுமதி. ஆறு நிறத்துக்கும் ஆறு லேயர். அடுக்கடுக்காய் வைத்த கண்ணாடித் தாள்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பிரிண்டிங் பட்டறையில் ஒவ்வொரு லேயருக்கும் ஒரு பிலிம் எடுத்து, ஒரு சட்டம் செய்து, துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பார்கள். முதலில் மாதிரிக்கு அடிக்கும் ஒற்றைத் துண்டுக்கு 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்று பெயர். படத்தைக் கம்ப்யூட்டரிலேயே பார்த்து ஓகே சொன்னாலும், நிறத்துக்கு இந்தத் துண்டைப் பார்த்துத்தான் டென்மார்க்கில் தலையாட்டுவார்கள்.

மங்கலம் ரோட்டில் இருக்கும் சென்னியப்பன் பட்டறைக்குப் போனேன். முதலாளி அவர்தான். எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். அவரைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆள் வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்கும் அளவு. தடித்த மூக்குக் கண்ணாடி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அப்போது கண் சிறிதாகி, இப்போதுதான் தூங்கி எழுந்தவர் மாதிரி உலகத்தைப் பார்ப்பார். விரலெல்லாம் சாயம். சாப்பாட்டுத் தூக்குப்போசியைக்கூட இரண்டு கையாலும் மெதுவாகத்தான் வைக்கிறார். பேச்சு மிகக் குறைவு. நான் யானையைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொழந்த நெஞ்சு ஒரு சாணுதானுங்க மேடம். தும்பிக்கையக் கொஞ்சம் மடக்கீருங்க" என்றார். அதுதான் சரி! ஐந்து வருடத்தில் எந்த மேனேஜருக்கும் இது தோன்றவில்லை.

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

ஜூலை 28, திங்கள்

ஐந்தும் ஓகே!! ஒரே தடவையில்!! கரடியையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். அது மட்டும் திரும்பி வந்துவிட்டது.

"கரடிக்கு உயிர் பத்தலைங்கறாங்க" என்றார் ரெஜினா மேடம்.

பத்தவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றினால் போகிறது. இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

ஜூலை 30, புதன்

கரடியைச் சிரிக்க வைத்து அனுப்பினேன். பல்பொடி விளம்பரம் மாதிரி இருக்கிறதாம்.

மாலையில் சென்னியப்பன் மற்ற ஐந்து விலங்குகளின் துணித் துண்டுகளைக் கொண்டுவந்தார். பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம், அவரே வந்தார். முள்ளம்பன்றி காயத் தாமதமானதால் நேரில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். ஆடி மாதம் அடிக்கிற காற்றில் எது தாமதமாகக் காயும் என்று தெரியவில்லை. அம்மா கம்மங்கூழ் கொடுத்தார். இரண்டு சொம்பு குடித்தார். முள்ளம்பன்றிதான் அவருக்குப் பிடித்ததாம். "குத்தற சாதி, ஆனா மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்குதுங்க" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கூழ் புரையேறிவிட்டது.

அவர் போன பிறகு அம்மா கேட்டார். "ஏன் அம்மிணி, ஊர்ல இருக்கற ஆம்பளைய எல்லாம் 'ஏனுங்ணா, வாங்ணா'ன்னு கூப்புடுவ. பால்காரனுக்கு ஒரு ணா, கரண்டுக்காரனுக்கு ஒரு ணா. அந்தத் தம்பிக்கு மட்டும் 'வாங்க போங்க'ங்கற?"

"மரியாதைம்மா."

"ஓ" என்றார். அம்மாவின் 'ஓ' எனக்குப் பிடிக்காது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூன்றாவது கரடி. உட்கார்ந்த கரடி. கையில் பூ. நானே சொல்கிறேன், இதுவும் ஒரு மாதிரிதான். ஒவ்வொரு முடியும் சரி, நிழல் சரி, பாதம் சரி. அம்மா ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை. ஆனாலும் அது புகைப்படத்துக்கு நிற்கிற கரடியாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழைய ஆபீசில் தொற்றிக்கொண்டது. கொடுத்த வேலையை ஒழுங்காக முடித்ததும், அதன்மேல் ஏழாவதாக ஒரு லேயர் திறந்து, ஐந்து நிமிடம் மனம் போனபடி எதையாவது கிறுக்குவேன். லேயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கும். அதைத் தட்டி மூடிவிட்டால் படம் மறைந்துவிடும். அனுப்புவதற்கு முன் ஏழாவதை அழித்துவிடுவேன். மேனேஜரைப் பல்லியாக எத்தனை தடவை வரைந்திருக்கிறேன்!

இன்று ஏழாவதில் ஒரே நிறத்தில், வெறும் கோட்டில், ஒரு கரடி வந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறது. பக்கத்தில் ஒரு தூக்குப்போசி. அதன் மூடிமேல் ஒரு அணில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையையும் ஆட்டி ஏதோ ஓயாமல் பேசுகிறது. கரடி துடைப்பதை விட்டுவிட்டு அணிலைப் பார்க்கிறது. வரைய ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பின்னால் வந்து நின்றது தெரியாது. கையில் ஸ்டிக்கர் பை. வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"இதாரு? எங்கியோ பாத்தாப்ல இருக்குது."

"கரடிம்மா."

"கரடி கண்ணாடி போடுமாக்கு?"

"டென்மார்க் கரடி போடும்."

"ஓ" என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

மூன்றாவது கரடியை அனுப்பியாகிவிட்டது. ரெஜினா மேடத்துக்குப் படம், சென்னியப்பனுக்கு லேயர் பைல். நாளை ஆடிப் பதினெட்டு. சிவன்மலைக்குப் பக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போகிறோம். மரக்கிளையில் பெரிய ஊஞ்சலாகத் தூரி கட்டியிருக்கிறார்களாம்! போன வருடம் ஆடாமல் விட்டதற்கும் சேர்த்து ஆடப்போகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அழிக்கவில்லை.

ஏழாவது லேயரை அழிக்கவில்லை! வேப்பமரத்தில் கட்டிய தூரியில் உச்சத்துக்குப் போய், கால் கிளையைத் தொடும்போது இது தோன்றியது. அங்கிருந்து கீழே வருவதற்குள் எனக்கு என்னென்னவோ ஆகிவிட்டது. சித்தி மகள் நான் பயந்து கத்துகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாகத் தள்ளினாள்.

கண்ணை மூடித்தானே அனுப்பினாய் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு போய்விடுமா? பட்டறையில் பைலைத் திறந்ததும் முதல் வேலையாக எல்லாக் கண்ணையும் திறப்பார்கள், எந்த நிறமும் விட்டுப்போகக் கூடாது என்று. அது அவர்கள் பழக்கம். எனக்கு நன்றாகத் தெரியும்.

சென்னியப்பனுக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஆடி நோம்பிக்குப் பவானிக் கூடுதுறைக்குப் போயிருப்பார். போன் ஆற்றில் விழுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு, போன் மட்டும், ஆள் இல்லை என்று திருத்தி இன்னொரு தடவை வேண்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எட்டரைக்கே பட்டறையில் போய் நின்றேன். சனிக்கிழமை சாயங்காலமே அடித்துவிட்டார்களாம். கொடியில் இரண்டு துணித் துண்டுகள் தொங்கின. ஒன்றில் பூ வைத்த கரடி, ஆறு நிறத்தில். இன்னொன்றில் கண்ணாடிக் கரடியும் அணிலும், ஒரே பழுப்பு நிறத்தில்.

நான் வாயைத் திறப்பதற்குள் சென்னியப்பன், "ஏழாவது பிலிம் மத்த ஆறோட சேரலைங்க. அதான் தனியா ஒரு துணியில அடிச்சுப் பாத்தேன்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அது தப்பா வந்துருச்சுங்க. சும்மா கிறுக்குனது."

"ஆமாங்களா."

சட்டம் கழுவிக்கொண்டிருந்த சரசக்கா அடக்க முடியாமல் சொல்லிவிட்டார். "எத்தன வருசமா ஊருக்கெல்லாம் பிரிண்ட் அடிக்கறோம், இப்பத்தான் நம்ம மொதலாளி மூஞ்சிய அடிச்சிருக்கறோமுங்!"

பட்டறையே சிரித்தது. சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கப் போனார், எல்லோரும் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் துடைக்காமலே மாட்டிக்கொண்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த கலர் சார்ட்டை மிகுந்த அக்கறையோடு படித்தேன். முன்னூற்றுப் பதினாறு வகைப் பச்சை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ரெஜினா மேடம் போன். மூன்றாவது கரடியும் போச்சு. அதே வார்த்தை. உயிர் பத்தலை. "பன்னெண்டாந்தேதிக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாதும்மா" என்றார். அவர் குரலில் பரிதாபம் இருந்தது. பரிதாபம் வந்துவிட்டால் அடுத்து பழைய நாற்காலிதான்.

கிளம்பும்போது சென்னியப்பன் வாசல் வரை வந்தார். "தப்பா நெனைக்காட்டி ஒண்ணு சொல்லட்டுங்களா. அந்தப் பூ வெச்ச கரடி வேலைக்கு வந்த கரடிங்க. இது ஊட்ல இருக்கற கரடி. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

இரண்டாவது துணியைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். வண்டியில் வரும்போது மூன்று சிக்னலிலும் அதை விரித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அவர் சொன்னது சரி. ஐந்து வருடமாக நான் நல்ல படத்தையெல்லாம் ஏழாவது லேயரில் போட்டு அழித்திருக்கிறேன், வேலைக்கு வந்த படங்களையெல்லாம் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்போது கொஞ்சம் அழுகை வந்தது. பிறகு பசி வந்தது.

கண்ணாடி துடைக்கிற அந்த ஊட்டுக் கரடியைத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அது ஒருவர் முகம். கேட்காமல் ஆறாயிரம் சட்டையில் போட முடியுமா? அதனால் அவர் சாயல் இல்லாமல் செய்ய முடியுமா என்று காலையிலிருந்து பார்த்தேன். கண்ணாடியை எடுத்தேன், கரடி செத்துவிட்டது. வயிற்றைக் குறைத்தேன், வேறு யாரோ. கரண்டுக்கார அண்ணனை வைத்து ஒரு கரடி வரைந்தேன். அது மீட்டர் பார்க்க வந்த மாதிரி நிற்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கேட்டுவிட்டேன்.

பட்டறைக்குப் பக்கத்து பேக்கரியில் வைத்து, தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே, வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தையும் நினைவு வராமல் கேட்டேன்.

"அந்தக் கரடி நீங்கதானுங்க. ஆறாயிரம் குழந்தைங்க நெஞ்சுல போகும். அனுப்பட்டுங்களா? உங்களுக்குச் சம்மதமில்லைன்னா அனுப்ப மாட்டேன். ஆவணியில பழைய ஆபீசுக்குப் போயிடுவேன், அதப் பத்தி நீங்க ஒண்ணும் நெனைக்க வேண்டாம்."

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ ஆறிவிட்டது.

"டென்மார்க்குல என்னைய ஆருக்குத் தெரியப்போகுது? போடுங்க" என்றார். பிறகு, "ஆனா அணிலும் இருக்கோணுமுங்க."

"அணில் சும்மா எடத்த நிரப்பறதுக்கு..."

"இருக்கட்டுமுங்க."

"அது யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்குதுங்களே. அதுல என்ன கேக்கறதுக்கு இருக்குது?" என்றார்.

எனக்குப் பேச்சு நின்றுபோனது. முப்பது வருடத்தில் முதல் தடவை. பன் பிரமாதமாக இருந்தது. இன்னும் இரண்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஊட்டுக் கரடிக்கு நிறம் கொடுத்து, அணிலோடு அனுப்பினேன். ஆறு நிறம், ஆறு லேயர். ஏழாவது இல்லை. ஐந்து மணி நேர வேலையில் ஒரு நிமிடம்கூடக் களைப்பில்லை, பாடிக்கொண்டே வரைந்தேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கரடி பிடித்திருக்கிறதாம். ரொம்பப் பிடித்திருக்கிறதாம். "இத்தனை நாளா எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்த?" என்கிறார் ரெஜினா மேடம்.

அணிலை எடுத்துவிட வேண்டுமாம். ஒரு சட்டைக்கு ஒரு விலங்குதான், மற்ற ஐந்தும் அப்படித்தானே இருக்கின்றன. நாளைக்குள் மாற்றிக் கொடுத்தால் முடிவு சொல்வார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான், அதுதான் கோபமாக வருகிறது.

அணிலை எடுத்தேன். கண் முன்னால் என்னை நானே ரப்பர் போட்டுத் தேய்த்தேன். சரி, போகட்டும். ஆனால் கரடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது! அங்கே ஒன்றுமில்லை, வெறும் துணி. பார்வையை நேராகத் திருப்பினேன். உடனே பழையபடி வேலைக்கு வந்துவிட்டது. கீழே திருப்பினேன், சாமானைத் தொலைத்த கரடி. பதினோரு தடவை கண்ணை மாற்றினேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "செக்கிங்கா சொல்லும்மா. ஒண்ணுமே இல்லாத எடத்தப் பாக்குது. இது பழுதா?"

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "கம்பெனியில இருந்தா ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்" என்றார். ஒட்டவில்லை. "உன்ற இஷ்டம் சாமி" என்று சொல்லிவிட்டு அரிசி ஊறவைக்கப் போய்விட்டார்.

நேராகப் பார்க்கும் கரடி என்றால் எந்தக் கேள்வியும் வராது, பாதுகாப்பு. இது போனால் ஆறும் போகும், திங்கட்கிழமை பழைய நாற்காலி. இருந்தாலும் பக்கவாட்டில் பார்க்கும் கரடியையே ரெஜினா மேடத்துக்கும் பட்டறைக்கும் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை: ஒன்றும் இல்லை. வீட்டிலுள்ள எல்லா டப்பாவையும் துடைத்தேன்.

மதியம்: ஒன்றும் இல்லை. டப்பாக்களைத் திரும்பத் துடைத்தேன். டென்மார்க்கில் இப்போதுதான் காலை எட்டரை என்றார் ரெஜினா மேடம். அந்த ஊரில் சூரியனுக்குக்கூடச் சுறுசுறுப்பு பத்தவில்லை.

நான்கு மணி: ஓகே. ஓகே ஓகே ஓகே. ஆறும் ஓகே!!! அம்மாவைத் தூக்கிச் சுற்றினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது, எனக்கு.

ரெஜினா மேடத்தின் செய்தியில் கீழே இன்னொரு வரி இருந்தது. டென்மார்க்கார அம்மா கேட்கிறாராம்: இந்தக் கரடி எதையோ பார்த்துச் சந்தோஷப்படுகிறது, எதை? சட்டையோடு வரும் சின்ன அட்டையில் அச்சடிக்க வேண்டும், ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள்.

தேன்கூடு என்று எழுதினேன், அழித்தேன். வண்ணத்துப்பூச்சி என்று எழுதினேன், அழித்தேன். நிலா, மீன், பழம். இத்தனை நாள் இந்த டைரியில்கூட ஒரு வரி உண்மை எழுதாதவள் நான். 'அவரைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறேன், பார்த்தேன். எவ்வளவு பெரிய பொய்! அவரைத் தவிர எழுத எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை. பிறகு இங்கிலீஷில் இரண்டே வார்த்தை தட்டி, யோசிக்க நேரம் கொடுக்காமல் அனுப்பிவிட்டு, வண்டியை எடுத்தேன்.

பட்டறையில் துணி காயவைக்கும் மெஷின் பெரிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் கடைசிப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓகே ஆயிருச்சுங்க! ஆறும்!"

முகம் மலர்ந்தது. உடனே பிலிமைப் பார்த்து வாடியது. "அணிலை எடுத்துட்டாங்களாட்டம். அப்பறம் இது எதையப் பாக்குதுன்னு ஆராச்சும் கேட்டா?"

"கேட்டாங்க. பதிலும் போட்டுட்டேன்." போனை நீட்டினேன்.

படித்தார். காது இரண்டும் சிவந்தது. இவ்வளவு பெரிய ஆள் இவ்வளவு மெதுவாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இங்கிலீசுல இருக்குதுங்களே" என்றார். "தமிழ்ல ஒருக்கா சொல்லுங்க."

"என்னையத்தான் பாக்குது" என்றேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சரசக்காவிலிருந்து வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் வரை எல்லோருக்கும் கேட்டது.